சப்வூஃபர் அடிக்கவில்லையா? ஆம்ப்பைக் கழற்றும் முன் மீட்டரை எடுங்கள்

காரில் பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபர் திடீரென்று நின்றுபோனால் பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது ஆம்ப்பைத்தான் (ஆம்ப்ளிஃபயர்), அதற்கடுத்து சப்வூஃபரை, சுருக்கமாக சப். இரண்டில் ஒன்றைக் காசு போட்டு மாற்றுகிறார்கள், புதுசும் அதே மாதிரி மக்கர் பண்ணுகிறது, அப்புறம்தான் வயர் பக்கம் கண் போகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஒழுங்கான கரன்ட்டும் ஒழுங்கான சிக்னலும் கிடைத்தால் ஆம்ப் வருஷக்கணக்கில் உழைக்கிற பொருள். கோளாறு வருவது பெரும்பாலும் வயர் முடிகிற இடங்களில்: லக் (வயர் முனையில் பொருத்துகிற உலோக வளையம்), ஃபியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் (ஆம்ப்பின் மைனஸ் வயரை வண்டியின் பாடியில் இணைப்பது), ஆர்சிஏ முனை (ஸ்டீரியோ செட்டிலிருந்து பாட்டுச் சிக்னலைக் கொண்டுவரும் கேபிளின் முனை). அதனால் ஊகத்தில் எதையும் மாற்றாதீர்கள், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜை அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போது அளந்தால் மீட்டரே உங்களை ஏமாற்றிவிடும். அது ஏன் என்று கொஞ்சம் கீழே வருகிறது.

ஒரு எச்சரிக்கை. பேட்டரி வயரைத் தொடுவதானால் முதலில் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஸ்பேனரின் ஒரு முனை பிளஸ்ஸிலும் மறுமுனை பாடியிலும் பட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், விரலில் மோதிரம் இருந்தால் சதையோடு வெந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'மேக்ஸ்' வாட்ஸை மறந்துவிடுங்கள், ஆர்எம்எஸ் எண்தான், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்திதான் நமக்கு வேண்டியது. 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் டி கிளாஸ் ஆம்ப், சுமார் 80 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் உள்ளே 625 வாட்ஸ் வாங்கும். என்ஜின் ஓடும்போது வண்டியில் 13.8 வோல்ட் இருந்தால் அது 45 ஆம்பியர். அதே 500 வாட்ஸை பழைய ஏபி கிளாஸ் ஆம்ப்பில் எடுத்தால் 65 ஆம்பியர் வரைக்கும் போகும், மிச்சமெல்லாம் ஹீட் ஆகி ஆம்ப்பின் உடம்பில் இறங்கும். ஒரு 55 வாட்ஸ் ஹெட்லைட் பல்பு இழுப்பது 4 ஆம்பியர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டில் பேஸ் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் சராசரி இதைவிடக் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு அடி விழும்போதும் அந்த 45 ஆம்பியர் அந்த நொடியில் வந்து சேர்ந்தாக வேண்டும்.

இப்போது வயர். 4 கேஜ் செம்பு வயர் சுமார் 21 சதுர மில்லிமீட்டர், 5 மீட்டர் நீளத்துக்கு அதன் ரெசிஸ்டன்ஸ் 4 மில்லிஓம் அளவில் இருக்கும். 45 ஆம்பியர் ஓடினால் வழியில் தொலைவது 0.2 வோல்ட்டுக்குள். அதைவிட மெல்லிய 8 கேஜ் போட்டால் அதே நீளத்துக்கு 10 மில்லிஓம், கிட்டத்தட்ட அரை வோல்ட் போய்விடும். அது பிளஸ் பக்கம் மட்டும்தான், கரன்ட் திரும்பி வருகிற வழியும் இருக்கிறதல்லவா. அலுமினியத்தின் மேல் செம்புத் தோல் போட்ட சிசிஏ வயர்கள் கிட்களில் நிறைய வருகின்றன. அவை கடத்துவது செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே அதை வாங்கினால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். கண்டுபிடிப்பது எளிது. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள், செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி தெரிந்தால் அது சிசிஏ. வெளியே வெள்ளியாகவும் சுரண்டினால் உள்ளே செம்பாகவும் இருந்தால் அது ஈயம் பூசிய நல்ல செம்பு, அதைப் பார்த்து அலுமினியம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வயரைவிட எனக்குப் பயம் தருவது இணைப்புகள்தான். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் மெயின் ஃபியூஸ் இருக்க வேண்டும். அந்த ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஆம்ப்புக்கு அதன் உடம்பிலேயே தனி ஃபியூஸ் உண்டு. ஃபயர்வால் (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையில் ரப்பர் கிராமெட் என்கிற வளையம் இல்லாமல் இழுத்த வயர் என்றைக்காவது உரசித் தோல் கிழிந்து பாடியில் படும், அப்போது இந்த ஒரு ஃபியூஸ்தான் வண்டிக்கும் தீக்கும் நடுவில் நிற்கிறது. ஃபியூஸின் அளவை வயரைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாக மாற்றுகிறவர்கள் செய்வது அந்தக் காவலை எடுத்துவிடுவதுதான், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அந்த ஃபியூஸ் ஹோல்டரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் இரண்டு பக்கமும் சின்ன அலன் ஸ்குரூ, அதன் கீழே வயர் இழைகள். அதிர்வில் ஸ்குரூ அரைச் சுற்று தளர்ந்தாலே போதும், இழைகளில் பாதிதான் பிடிமானத்தில் இருக்கும், ஈரம் பட்ட இடத்தில் பச்சை பூத்திருக்கும். அந்த இடத்தில் வெறும் 20 மில்லிஓம் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 ஆம்பியர் ஓடும்போது 0.9 வோல்ட் அங்கேயே தொலையும், 40 வாட்ஸ் ஹீட் அந்தச் சின்ன டப்பாவுக்குள் உருவாகும். ஒரு சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியது போலத்தான். ஹோல்டர் பழுப்பேறி இளகியிருந்தும் உள்ளே ஃபியூஸ் நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கரன்ட் அளவுக்கு மீறிப் போகவே இல்லை, இணைப்புதான் சூடாகியிருக்கிறது.

இந்த மாதிரிக் கோளாறை சாதாரணமாக மீட்டர் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் இழுக்கும் கரன்ட் ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சின்னது, வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது 12.6 என்று கம்பீரமாகக் காட்டும். கரன்ட் ஓடினால்தான் ரெசிஸ்டன்ஸில் வோல்டேஜ் விழும். ஆகவே என்ஜினை ஓடவிட்டு, சவுண்டை ஏற்றி, பேஸ் அடிக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து முதலில் ஆம்ப்பின் பிளஸ், எர்த் டெர்மினல்களிலேயே அளவுங்கள். அங்கே 13-க்கு மேல் நின்றால் மின்சாரப் பக்கம் சுத்தம், வேறு இடத்தைப் பார்க்கலாம். 11 பக்கம் சரிந்தால் அடுத்த கேள்வி எந்தப் பாதியில் என்பது. ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொரு முனை ஆம்ப் பிளஸ்ஸில் (நீளமான ஒரு வயரை இடையில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்). இப்போது மீட்டர் காட்டுவது முழுக்க முழுக்க வழியில் தொலைந்த வோல்ட். அதேபோல ஆம்ப் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே. 0.1, 0.2 என்றால் நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டி அளந்துகொண்டே போங்கள், எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் எண் எகிறுகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டு பக்கமும் நல்ல எண் காட்டி, பேட்டரியிலேயே வோல்டேஜ் சரிந்தால் பிரச்சினை பேட்டரி அல்லது ஆல்டர்னேட்டரில்.

என் அனுபவத்தில் பெரும்பாலும் மாட்டுவது எர்த் பக்கம்தான். பிளஸ் வயருக்கு எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறார்கள், திரும்பி வருகிற வழிக்குக் கையில் கிடைத்த போல்ட். சீட் போல்ட்டில் மாட்டுவது வசதியாகத் தெரியும், ஆனால் அதன் கீழே பெயிண்ட், மரையில் பூச்சு, சில வண்டிகளில் அந்தத் தகடே பாடியோடு சரியாக ஒட்டியிருக்காது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே தொடாதீர்கள், அது உயிர் காக்கிற போல்ட். பாடியில் கனமான தகடு உள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்து, அடியில் பெட்ரோல் டேங்க்கோ பிரேக் லைனோ இல்லை என்று பார்த்துவிட்டு ஓட்டை போடுங்கள். லக் உட்காரும் அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி பளபளவென்று இரும்பு தெரியும்படி செய்து, ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கி, மேலே துரு பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸோ பெயிண்டோ பூசிவிடுங்கள். எர்த் வயர் பிளஸ் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள். சிலர் எர்த்தையும் நேராக பேட்டரி மைனஸுக்கே இழுக்கிறார்கள். புதிய வண்டிகள் பலவற்றில் மைனஸ் டெர்மினலிலேயே கரன்ட் சென்சார் உட்கார்ந்திருக்கும், நேராக மைனஸ் கம்பத்தில் மாட்டினால் ஆம்ப் இழுப்பது அந்த சென்சாருக்குத் தெரியாமல் போய் சார்ஜிங் கணக்குத் தப்பும். அப்படிப்பட்ட வண்டியில் பாடி எர்த்தான் சரி.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது என்றவுடன் கெபாசிட்டர் (மின்சக்தியைச் சேர்த்துவைத்துச் சட்டென்று கொடுக்கிற பாகம்) வாங்கச் சொல்வார்கள். 1 ஃபாரட் கெபாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது கொடுக்கிற சக்தி 26 ஜூல். மேலே சொன்ன 500 வாட்ஸ் ஆம்ப் 625 வாட்ஸ் இழுக்கிறது என்றால் அது நொடியில் 25-ல் ஒரு பங்குக்குத்தான் காணும். ஆகவே அது பெரிதாக எதையும் தீர்க்காது. முதலில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, என்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற கம்பெனி வயர்களைத் தடித்ததாக மாற்றுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் வண்டியின் ஆல்டர்னேட்டர் தாங்கும் அளவுக்கு மேல் ஆம்ப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இனி ஆம்ப் ஆன் ஆகவே இல்லை என்றால் என்ன செய்வது. பவர் லைட் எரியவில்லை, பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் இருக்கிறது, உடம்பில் உள்ள ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்றால் மிச்சம் ரிமோட் வயர்தான், அதாவது ஆம்ப்பை ஆன் ஆகச் சொல்கிற வயர். செட்டின் பின்னால் வருகிற, வெள்ளைக் கோடு போட்ட நீல வயர். செட் ஆன் ஆனதும் அதில் 12 வோல்ட் வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஆம்ப்பிலேயே பிளஸ்ஸிலிருந்து ரிமோட் டெர்மினலுக்கு ஒரு சின்ன வயரால் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், ஆம்ப் உயிர் பெற்றால் அதன் மேல் குற்றமில்லை. வெறும் நீல வயர் வேறு, அது மோட்டார் ஆன்டெனாவுக்கானது. சில செட்டுகளில் அதில் ரேடியோ போடும்போது மட்டும்தான் வோல்டேஜ் வரும், அதில் மாட்டிவிட்டு ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டால் சப் மட்டும் ஊமையாகிவிடும். கம்பெனி செட்டில் ரிமோட் வயரே இல்லை என்றால் சாவி போட்டால் மட்டும் வருகிற ஒரு லைனிலிருந்து எடுக்கலாம். எப்போதும் உயிரோடு இருக்கிற லைனில் மாட்டினால் வண்டியை நிறுத்தின பிறகும் ஆம்ப் விழித்திருக்கும், காலையில் பேட்டரி காலி.

பவர் லைட் எரிகிறது, சத்தம் மட்டும் இல்லையா? செட்டின் மெனுவில் சப்வூஃபர் அவுட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல செட்டுகள் செட்டிங்கை எல்லாம் மறந்துவிடும், ஆனால் 'நேற்று வரைக்கும் நன்றாக இருந்தது' என்று நாம் வயரைத் தேடிக்கொண்டிருப்போம். அது சரியாக இருந்தால் போனிலிருந்து ஒரு ஆர்சிஏ கேபிளை நேராக ஆம்ப்பில் செருகி, வால்யூமைக் குறைவில் வைத்துப் பாட்டுப் போடுங்கள். சப் அடித்தால் கோளாறு ஆம்ப்புக்கு முன்னால், அடிக்காவிட்டால் ஆம்ப்பிலோ அதற்குப் பின்னாலோ. ஆர்சிஏவைக் கழற்றுவதும் மாட்டுவதும் செட் ஆஃப் ஆன பிறகு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பின் எர்த் சரியில்லாத நேரத்தில் ஆர்சிஏவின் வெளிவளையம் வழியாக கரன்ட் திரும்பப் பார்த்து, செட்டுக்குள் இருக்கும் மெல்லிய எர்த் தடம் எரிந்துபோவது நடக்கிற விஷயம்.

சிவப்பு புரொடெக்ட் லைட் எரிந்தால் பயப்பட வேண்டாம், ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஸ்பீக்கர் வயர், ஆர்சிஏ இரண்டையும் கழற்றிவிட்டு பிளஸ், எர்த், ரிமோட் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். வோல்டேஜ் ஒழுங்காக இருந்தும் அப்போதும் சிவப்பு என்றால் ஆம்ப்புக்குள்ளேயே ஏதோ எரிந்திருக்கிறது, அதைச் சர்வீசுக்குத்தான் கொடுக்க வேண்டும். சிவப்பு அணைந்துவிட்டால் ஆஃப் செய்து ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். ஸ்பீக்கர் வயரை மாட்டினதும் வந்தால் எங்கோ ஒரு இழை பக்கத்து டெர்மினலில் படுகிறதா, வயர் நசுங்கிப் பாடியில் தொடுகிறதா என்று தேடுங்கள், அதோடு சப்பின் ஓம்ஸையும் அளவுங்கள்.

ஓம்ஸில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு சப்பில் இரண்டு காயில் (காந்தத்துக்குள் அசைகிற கம்பிச் சுருள்), ஒவ்வொன்றும் 4 ஓம்ஸ் என்றால் பேரலலில் 2, சீரீஸில் 8. அதே மாதிரி இரண்டு சப்பை, அதாவது நான்கு காயிலையும், பேரலலில் கட்டினால் 1 ஓம். இரண்டு காயிலும் 2 ஓம்ஸ் உள்ள சப் என்றால் 1 அல்லது 4-தான் கிடைக்கும், 2 கிடைக்கவே கிடைக்காது, எனவே வாங்கும்போதே ஆம்ப்பின் குறைந்தபட்ச ஓம்ஸைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு சேனல் ஆம்ப்பை பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே சப்புக்குக் கொடுத்தால், ஒவ்வொரு சேனலும் பார்ப்பது பாதி ஓம்ஸ். 4 ஓம்ஸ் சப்பை பிரிட்ஜில் போட்டால் ஆம்ப்புக்கு அது 2 மாதிரி. மீட்டரில் அளந்தால் 4 ஓம்ஸ் காயில் 3.2-லிருந்து 3.7 வரைக்கும் காட்டும், அது சரியான எண்தான். எண்ணே வராமல் ஓப்பன் என்று காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. ஒன்றுக்கும் கீழே போனால் உள்ளே ஷார்ட். எண் சரியாக இருந்தும் கோனை (சப்பின் முன்னால் தெரிகிற கூம்பு) இரண்டு கையாலும் சமமாக மெல்ல அழுத்தும்போது கரகரவென்று உரசல் கேட்டால் காயில் வெந்து உப்பியிருக்கிறது, நடுவில் உள்ள டஸ்ட் கேப் மூடி பக்கம் முகர்ந்தாலே தெரியும்.

அடிக்கிறது, ஆனால் நடுவில் நின்று நின்று வருகிறது என்பவர்கள் எப்போது நிற்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு பெரிய அடிக்கும் அணைந்து உடனே திரும்பினால் வோல்டேஜ் சரிவு. அரைமணி நேரம் நன்றாக அடித்துவிட்டு நின்று, ஆறின பிறகு தானாக வந்தால் சூடு: கார்ப்பெட்டுக்கு அடியிலோ பாக்ஸின் மேலோ மூச்சு விட இடமில்லாமல் ஆம்ப்பை வைத்திருக்கிறார்கள், அல்லது ஓம்ஸ் குறைவு. மேடு பள்ளத்தில் மட்டும் நின்றால் தளர்ந்த வயர்.

காயில் வேவதற்குப் பெரிய காரணம் கெயினைத் தப்பாக வைப்பது. கெயின் வால்யூம் அல்ல, செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற திருகு. அதை முழுக்கத் திருப்பினால் ஆம்ப் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கும், காயிலுக்குப் போகிற சராசரி சக்தி ஏறும், சூடு அதோடு ஏறும். மீட்டரை வைத்தே இதைச் சரியாக வைக்கலாம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள், பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஈக்யூ ஃபிளாட், கெயின் முழுக்கக் குறைவில், செட்டின் வால்யூம் முக்கால், 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன். மீட்டரை ஏசி வோல்ட்டில் ஆம்ப் அவுட்புட்டில் வைத்து கெயினை மெதுவாகத் திருப்புங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பது வாட்ஸையும் ஓம்ஸையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும்: 500 வாட்ஸ், 2 ஓம்ஸ் என்றால் 31.6 வோல்ட், 300 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 34.6. சப்பின் ஆர்எம்எஸ், ஆம்ப்பின் ஆர்எம்எஸ் இரண்டில் எது குறைவோ அந்த எண்ணைப் போடுங்கள். வைத்த பிறகு ஆசைப்பட்டு பேஸ் பூஸ்ட்டை 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு சக்தி கேட்கும், செய்த வேலையெல்லாம் வீண்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிற கீச்சுச் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. சப்புக்கு மட்டும் ஆம்ப் என்றால் லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடுகிற ஃபில்டர்) அதை வெட்டிவிடும், கதவு ஸ்பீக்கர்களுக்கும் ஆம்ப் போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. செட்டுக்கும் ஆம்ப்புக்கும் எர்த் மட்டம் வேறு வேறாக இருப்பதுதான் வழக்கமான காரணம், ஆகவே எர்த்தை முதலில் சரி செய்யுங்கள். ஆர்சிஏவும் பவர் வயரும் ஒன்றாகக் கட்டி ஓடுகிறதென்றால் வண்டியின் எதிரெதிர்ப் பக்கங்களுக்குப் பிரித்துவிடுங்கள். இந்தச் சத்தத்தைத் தடுக்க ஆர்சிஏ நடுவில் மாட்டுகிற ஐசொலேட்டர்களில் மலிவானவை அடி பேஸையும் சேர்த்து விழுங்கும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை எடுங்கள்.

எல்லாம் வேலை செய்கிறது, பேஸ் மட்டும் சப்பையாக இருக்கிறது என்றால் போலாரிட்டியைப் பாருங்கள். ஒரே பாக்ஸில் இரண்டு சப், ஒன்றில் பிளஸ்-மைனஸ் மாறியிருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே சப்பின் இரண்டு காயிலில் ஒன்று மாறியிருந்தால் கோன் அசையவே அசையாது, ஆனால் காயில் மட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை சப் வயரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள், எல்லாக் கோனும் வெளியே துள்ள வேண்டும். பிறகு லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் வைத்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பாருங்கள். எதில் அங்கே பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடலாம்.